வெட்டின மீனும் பிளந்த அணுவும்

எங்கள் கொல்லிமலையில் கோயில் ஆற்று மீனை யாரும் பிடிக்க மாட்டோம். ஒரு காலத்தில் யாரோ பிடித்துத் துண்டு போட்டுக் குழம்பு வைத்தார்களாம். கொதிக்கிற சட்டிக்குள்ளேயே துண்டுகள் ஒட்டி, முழு மீனாகித் துள்ளி ஆற்றில் விழுந்ததாம். பொருத்தியது கரையில் இருக்கிற ஈஸ்வரன். அதனால்தான் இன்றைக்கும் மீனுக்குப் பொரி போட்டுவிட்டு அப்புறம் சந்நிதிக்குப் போகிறோம். சிரிக்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.

நான் ஐந்தாவது வரை படித்தவள். அடிவாரத்துக் குடியானவர் வீட்டுப் பெண். எங்கள் வீட்டுக்காரர் மலைமேல் இருக்கிற வளப்பூர் நாட்டில் மிளகுத் தோட்டம் வாங்கியதால் மலையேறி வந்தேன். அவர் சந்தைக்கு இறங்கினால் எனக்கு ஒரு பத்திரிகை வாங்கி வருவார். ஜப்பானில் அணுகுண்டு போட்ட சேதி அதில்தான் வந்தது. காலை நேரமாம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற நேரம். படித்துவிட்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. சோறு அடிப்பிடித்துக் கருகியது.

சில மாதம் கழித்து அதே பத்திரிகையில் விஞ்ஞானக் கதை கேட்டிருந்தார்கள். விஞ்ஞானம் படித்த ஒருவர் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டிருக்க வேண்டுமாம். நான் எழுதினேன். கொல்லிமலையில் ஒருத்தன் கருங்கல்லைக் கடப்பாரையால் பிளக்கிறான், அணு உடைகிறது, ஊர் எரிகிறது. கடைசியில் ஈஸ்வரன் அந்த அணுவை மீனைப் பொருத்தின மாதிரி பொருத்துகிறார். ஊர் திரும்ப எழுந்திருக்கிறது, பிள்ளைகளும்.

கையெழுத்துக்கு என் தம்பி இருந்தான். சேலத்தில் காலேஜ் வாத்தியார். ஆடிப் பதினெட்டுக்குக் கோயிலுக்கு வந்தவனை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். முதல் பக்கத்திலேயே சிரித்தான்.

"ஏனக்கா, கல்லைக் கொத்தினா அணு உடையுமா? அப்படின்னா நீ ஆட்டுக்கல் கொத்த ஆளு கூப்பிட்ட அன்னிக்கே கொல்லிமலை போயிருக்குமே!"

"பின்னே எப்படித்தான் உடையும்?"

"இந்தக் கல்லு ஆகாது. யுரேனியம்னு ஒரு உலோகம். அதுலயும் எல்லாம் உடையாது, ஒரு வகைதான். அதும்மேல நியூட்ரான்னு கண்ணுக்குத் தெரியாத துகள் போய்ப் படணும். பட்டா அணு ரெண்டாப் பிளக்கும். பிளக்கறப்ப ரெண்டு மூணு நியூட்ரான் தெறிக்கும். அது பக்கத்து அணுவை உடைக்கும்."

"ஒரு சின்னத் துண்டு போதுமா?"

"போதாது. சந்தைக் கூட்டத்துக்குள்ள கல்லெறிஞ்சா யார் மேலயாவது படும். ஆளில்லாத ரோட்டுல எறிஞ்சா சும்மா போயிரும். துண்டு பெருசா இருந்தாத்தான் நியூட்ரான் வெளிய ஓடாது."

கடப்பாரை வருகிற இடத்தை அடித்துவிட்டு எல்லாவற்றையும் திருத்தி எழுதினேன். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. எங்கள் வீட்டுக்காரர் மிளகு காயப்போட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, மலை வெடிக்கறதுக்குள்ள சரக்கை இறக்கிரலாமுங்களா?"

"நீங்க பயப்படாதீங்க மச்சான், அக்கா முடிவுல எல்லாத்தையும் ஒட்ட வெச்சிருது."

அந்த முடிவில்தான் தகராறு வந்தது. தம்பி சிரிப்பை விட்டுவிட்டான்.

"இது ஆகாதக்கா. பிளந்த துண்டு, தெறிச்சது எல்லாத்தையும் சேர்த்து எடை போட்டா, முழு அணுவோட எடை வராது. கொஞ்சம் குறையும்."

"குறைஞ்சது எங்க போச்சு?"

"சூடாவும் வெளிச்சமாவும் போச்சு. அதுதான் ஊரை எரிச்சது. திரும்பப் பொருத்தணும்னா அத்தனை சூட்டையும் திருப்பிக் கொடுக்கணும். காத்துல கலைஞ்சு போனதை யாரு பொறுக்கிக்கிட்டு வர்றது?"

"சாமி."

"அக்கா, நான் படிச்ச பாடத்துல சாமி வராது."

"உன் பாடத்துல வர வேண்டாங்கண்ணு. மனுசனால ஆகாதுங்கறதை நீ சொன்னபடியே எழுதறேன். ஆகாதுன்னு ஆன பின்னாடிதானே சாமிக்கு வேலை?"

அவன் மெதுவாகச் சொன்னான். "ஜப்பான்ல பொருத்தலையே அக்கா."

அடித்தால்கூட அப்படி வலித்திருக்காது. அவன் சொன்னது நிஜம். அந்தப் பிள்ளைகளை யாரும் பொருத்தவில்லை. நாள் தவறாமல் விளக்கேற்றுகிற எனக்கு அது தெரியாதா?

"பொருத்தலை கண்ணு," என்றேன். "அதனாலதான் கேக்கறேன். ஒரு மீனுக்குச் செஞ்சவர் பிள்ளைங்களுக்கு ஏன் செய்யலைன்னு கேக்கறதுக்குத்தான் இந்தக் கதையே. அதை எடுத்துட்டா மிச்சம் உன் பாடந்தான்."

அவன் சொன்னதையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பேனாவை எடுத்தான். கதையில் சூடு காற்றில் கலைந்து போகிற இடத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டு, "இதுவரை சரி" என்று எழுதிக் கையெழுத்திட்டான். "இதுக்கு மேல உன் ஈஸ்வரன் போடட்டும்."

கோட்டோடு அப்படியே அனுப்பினேன். கோட்டுக்குக் கீழே இருப்பதை எடுத்துவிட்டால் அச்சிடுகிறோம் என்று பதில் வந்தது.

"அதை நீ எடுத்துடேன். பேரு வருமில்ல?" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"பாதி மீனுக்கு எதுக்குங்க பேரு?" என்றேன். கதையைத் திருப்பி அனுப்பும்படி அன்றைக்கே கார்டு எழுதிப் போட்டேன். அவர்களும் அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போனேன். மீனுக்குப் பொரி போட்டேன். சந்நிதியில் நின்று கோட்டுக்குக் கீழே இருந்ததை மட்டும் வாய்விட்டுப் படித்தேன். குருக்கள் தீபாராதனைத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். பக்கத்தில் இருந்த பெண்கள், என்ன வேண்டுதலோ என்று கை கூப்பினார்கள். வேண்டுதல்தான். படித்து முடித்து, தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"கேட்டாச்சு. நீ பதில் சொல்ற வரைக்கும் வந்து கேட்டுக்கிட்டேதான் இருப்பேன்," என்று சொல்லிவிட்டுத் திருநீற்றுக்குக் கை நீட்டினேன்.