கவிழ்த்து வைத்த வாளிகள்

நாய்க்குத் தண்ணீர் வைப்பதற்கு எதற்கு இவ்வளவு பாடு என்று என் மகள் கேட்பாள். "ஊத்தினா குடிக்கப் போவுது. இதுக்கு ஏன்மா ஃபர்ஸ்ட் ட்ரெயினைப் பிடிக்க ஓடுறீங்க?" அவளுக்குச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. தேக்கா சந்தைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து புக்கிட் பாஞ்சாங் வரை ரயில், பிறகு எல்ஆர்டி என்கிற குட்டி ரயில், சுவா சூ காங்கில் இறங்கி பஸ். அதற்கப்புறம் பத்து நிமிட நடை. வெட்டவெளியில் வரிசையாகக் கம்பிக் கூண்டுகள், மேலே தகரக் கூரை, கீழே சிமெண்டுத் தரை. வீட்டில் வைத்துக்கொள்ள முடியாதவர்கள் கொண்டுவந்து விட்ட இருபத்திரண்டு நாய்கள் அங்கே இருந்தன. அவற்றுக்குத் தண்ணீர் வைப்பதும் கூண்டு கழுவுவதும் என் வேலை.

நான் கொஞ்சம் வாய்க்காரி. மற்ற வேலைக்காரர்களோடு இந்தத் தண்ணீருக்காகவே சண்டை போட்டிருக்கிறேன். பழைய தண்ணீரின் மேலேயே புதுத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாளிக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். வழவழவென்று இருந்தால் அது கழுவாத வாளி. பிரஷ் போட்டுத் தேய்த்து, அலசி, பிறகுதான் நிரப்ப வேண்டும். வெயிலில் கிடந்த ரப்பர் குழாயில் முதலில் வருவது வெந்நீர். கை வைத்துப் பார்த்து, குளிர்ந்த பிறகு பிடிக்க வேண்டும். வாளிக்குள் காலை விடுகிற நாய்க்கு உயரத்தில் மாட்ட வேண்டும், கவிழ்த்து விளையாடுகிற நாய்க்குக் கம்பியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். இதெல்லாம் எனக்கு அத்துப்படி. இந்த ஒரு விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது என்று எனக்குத் திமிர் இருந்தது. சொல்லிவிடுகிறேன், திமிர்தான்.

பதினான்காம் கூண்டில் ஒரு கறுப்பு நாய் இருந்தது. கிழடு. ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் சுற்றித் திரிந்த நாய். அங்கே வெல்டராக இருந்த ஒருவர் தினமும் சோறு போட்டு வளர்த்திருந்தார். அவர் ஓய்வு பெற்றபோது அதை விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. வீவகவின் அரசாங்க அடுக்குமாடி வீட்டில் அவ்வளவு பெரிய நாயை வைத்துக்கொள்ள அனுமதி கிடையாது. அதனால் எங்களிடம் விட்டிருந்தார். மனைவி தவறிவிட்டார், பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். கூண்டுக்குள் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "என்னடா மவனே, சாப்டியா?" என்று ஆரம்பித்தால் சாயங்காலம் வரை அதனோடுதான் பேச்சு.

அதற்குச் சிறுநீரகம் கெட்டுப் போயிருந்தது. மருத்துவர் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார்: தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும், கேட்கும்போதெல்லாம் குடிக்க வேண்டும். அதனால் மற்ற நாய்களுக்கு ஒரு வாளி என்றால் பதினான்குக்கு இரண்டு. "நீ பாத்துக்குவேன்னுதாம்மா நான் ராத்திரி தூங்குறேன்" என்பார் அவர். "அதெல்லாம் நான் பாத்துக்கறேன், நீங்க போங்கண்ணே" என்பேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொல்வதற்கு முன் என் வீட்டு ஜன்னலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சமையலறை ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் கழிகளைச் செருகுவதற்குக் குழாய்கள் இருக்கும். சில வருடங்களுக்கு முன் கொசுப் பரிசோதனைக்கு வந்தவர்கள் அதில் ஒன்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சியெடுத்து என் கண்ணெதிரே காட்டினார்கள். கொசுப்புழு நெளிந்துகொண்டிருந்தது. வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள். அதே மாதம் எங்கள் மாடியில் ஒரு பெண்ணுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். என் வீட்டுக் கொசுதான் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் லிஃப்டில் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அன்றிலிருந்து எனக்குத் தண்ணீர் தேங்கி நின்றால் ஆகாது. டீ குடித்த கோப்பையைக்கூடக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் மறு வேலை. இந்த ஊரில் என்னைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு முதலாளியம்மா போன் செய்தார். பக்கத்து நாய்க்காப்பகத்தில் கொசுப் பரிசோதனை நடக்கிறது, அடுத்து நம்மிடம்தான், பத்து நிமிடத்தில் வந்துவிடுவார்கள், எங்கேயும் தண்ணீர் நிற்கக் கூடாது என்றார். கூட வேலை செய்பவருக்கு அன்று விடுப்பு. நான் ஒருத்திதான். கை கால் ஓடவில்லை எனக்கு. சாக்கடையில் நின்ற தண்ணீரைத் தள்ளிவிட்டேன். பூந்தொட்டித் தட்டுகளைக் கொட்டினேன். அப்புறம், ஐயோ, கூண்டு கூண்டாகப் போய் நாய்களின் வாளிகளை எல்லாம் கொட்டிக் கவிழ்த்துவிட்டேன். பத்து நிமிடம்தானே, அவர்கள் போனதும் நிரப்பிவிடலாம் என்று நினைத்தேன். யாரும் சொல்லவில்லை. என் கையாலேயே செய்தேன். பதினான்கின் இரண்டு வாளிகளையும் சேர்த்து.

பத்து மணி ஆயிற்று. வரவில்லை. பதினொன்று. போன் செய்தால், இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், இதோ கிளம்பிவிட்டார்கள் என்றார் முதலாளியம்மா. மழை இல்லாத வாரம். தகரக் கூரைக்குக் கீழே அனல் அடித்தது. நாய்கள் குரைப்பதை நிறுத்தியிருந்தன. நான் அதைக்கூட நல்லது என்றே நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்குப் பதினான்கின் பக்கம் போனேன். தலைகீழாகக் கிடந்த வாளியின் அடிப்பக்கத்தை அது நக்கிக்கொண்டிருந்தது. மனசு கேட்கவில்லை. ஒரு கோப்பைத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். இரண்டு நக்கலில் காலி. இன்னொன்று கொண்டுவரத் திரும்பும்போது போன் அடித்தது. கிளம்பிவிட்டார்கள், வாசலில் கார் சத்தம் கேட்டால் அவர்களாகத்தான் இருக்கும் என்றார் முதலாளியம்மா. அப்போதே ஒரு கார் சத்தம் கேட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கோப்பையைப் பிடுங்கி, தரையில் சிந்திய நாலு சொட்டையும் துணியால் துடைத்தேன். அது அந்தத் துணியை நக்க வந்தது. "பொறுடா, இப்ப போயிடுவாங்க" என்று துணியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கார் வேறு யாருடையதோ. ஆனாலும் திரும்பிப் போய் ஊற்றவில்லை. அடுத்த நிமிடம் வந்துவிடுவார்கள் என்ற பயம். அந்த அடுத்த நிமிடம் ஒன்றேமுக்காலுக்குத்தான் வந்தது.

வந்தவள் என் மகள் வயதுத் தமிழ்ப் பெண். கையில் டார்ச், முதுகில் பை. சாக்கடையைப் பார்த்தாள், தொட்டிகளைப் பார்த்தாள், எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றாள். பிறகு கூண்டுகளைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஆன்ட்டி, டாக்ஸுக்குத் தண்ணியே இல்லையே?"

"நீங்க வர்றீங்கன்னுதான் கவுத்து வெச்சேன்மா."

"ஐயோ ஆன்ட்டி, குடிக்கிற தண்ணி ஓகே லா! டெய்லி மாத்துறீங்கதானே? டெய்லி மாத்தினா கொசு எப்படி வரும்?"

தினமும் மாற்றுகிறேன். தினமும் தேய்க்கிறேன். அதில்தானே எனக்கு அவ்வளவு திமிர். கொசு முட்டை புழுவாகி, பறக்க ஒரு வாரம் ஆகும் என்று எனக்குத் தெரியாதா? எத்தனை போஸ்டர் பார்த்திருக்கிறேன், எத்தனை முறை பக்கத்து வீட்டுக்காரிக்கு நானே சொல்லியிருக்கிறேன். தெரிந்த ஒன்று அன்று ஐந்து மணி நேரம் என் தலைக்குள் வரவில்லை. என் வீட்டு ஜன்னலும் லிஃப்டில் பார்த்தவர்களின் கண்களும்தான் வந்தன.

குழாயைத் திறந்து ஓடினேன். பதினான்குக்குத்தான் முதலில். குழாயில் சூடாக வந்த தண்ணீர் குளிர்வதற்குக்கூட அது விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும் என்று தெரியும். எந்த நெஞ்சோடு வாளியைப் பிடித்து இழுப்பேன்? மூச்சு விடாமல் பாதி வாளியைக் குடித்தது. அத்தனையையும் வாந்தியெடுத்தது. பின்னங்கால் மடிந்து அதிலேயே உட்கார்ந்தது. அந்தப் பெண்தான் ஒரு பக்கம் பிடித்துக் காரில் ஏற்ற உதவினாள். மற்ற இருபத்தொன்றும் குடித்துவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு நின்றன.

மருத்துவமனையில் நரம்பில் மருந்து ஏற்றினார்கள். ஏற்கெனவே கெட்டிருந்த சிறுநீரகம், இந்த வெயில் வேறு, தாங்கவில்லை என்றார்கள். அதை வளர்த்தவரும் ஜூரோங்கிலிருந்து வந்து இரண்டு நாளும் அதன் பக்கத்திலேயே இருந்தார். வியாழக்கிழமை மாலை அது போய்விட்டது. வெயிலும் வயதும் என்று முதலாளியம்மா அவரிடம் சொன்னார். வாளிகளைப் பற்றி முதலாளியம்மா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். பழக்கம்தான் என்றார். காலிக் கூண்டுக்குள் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் தேய்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவர் எதிரில் போய் நின்றேன். சத்தியமாக அதற்குத்தான் போனேன்.

"அன்னைக்கு அவன் தண்ணி குடிச்சானாம்மா?" என்று கேட்டார்.

"குடிச்சான்ணே. நெறைய குடிச்சான்."

"அது போதும். நீ இருக்கிற வரைக்கும் அந்தக் குறை அவனுக்கு இருக்காதுன்னு எனக்குத் தெரியும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். வாளிகளைக் கவிழ்த்த கையைத்தான் பிடித்தார். ஊரையெல்லாம் வாயால் அடிக்கிற நான், டீ போட்டுத் தரட்டுமாண்ணே என்று கேட்டேன். சாயங்காலம் வரை இருந்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார். அதன் பிறகு அவர் வரவில்லை. நானும் தேடிப் போகவில்லை.

அவர் போனதும் பதினான்கின் இரண்டு வாளிகளையும் தேய்த்துக் கழுவினேன். ஆளில்லாத கூண்டு, கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும். கை வரவில்லை. இரண்டையும் நிரப்பி மாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் காலை முதல் வேலையாக அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடியும் நிரப்பினேன்.