ஸ்டாக் டிரேஸின் கடைசி வரி

இங்கே ஹெல்சிங்கி அலுவலகத்தில் காபிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே, "அதைக் கொன்றுவிடு" என்கிறார்கள். ஓடாமல் சிக்கிக்கொண்ட புரோகிராமை நிறுத்துவதற்குத்தான் இந்தப் பேச்சு. வந்த புதிதில் ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பேன். நாங்குநேரிப் பக்கத்துக்காரன் நான். எங்கள் ஊரில் அப்படிச் சொன்னால் செய்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள்.

புரோகிராம் தானாகச் செத்து விழுந்தால் என்னிடம் வரும். கறுப்புத் திரையில் ஜிடிபி என்ற கருவியைத் திறந்து ஒரு கட்டளை அடித்தால் ஸ்டாக் டிரேஸ் என்று ஒரு பட்டியல் விழும். மேல்வரியில் செத்த இடம். அதற்குக் கீழே, அதை ஏவியது எது, அந்த ஏவியதை ஏவியது எது என்று வரிசையாக இறங்கும். மேல்வரியைப் பார்த்ததும் அதன்மேல் பாய்கிறவன் மடையன். தப்பு பெரும்பாலும் கீழேதான் கிடக்கும்.

போன மாதம் அப்படியொரு பட்டியலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது கடைசித் தம்பி முத்து கூப்பிட்டான். எங்கள் இருவருக்கும் நடுவில் பிறந்த சுடலையை, பெரியப்பா மகன் செல்வராசு கிணற்றடியில் வெட்டிக் கொன்று ஐந்து மாதம் ஆகியிருந்தது. கழுத்தில் இரண்டு வெட்டு, தடுத்த கையில் நான்கு. விரல்களை வரப்பிலிருந்து பொறுக்கிக் கொடுத்தார்களாம். கொன்றவன் ஜாமீனில் வந்துவிட்டான்.

"நாளைக்குக் காலைல ஸ்டேஷன்ல கையெழுத்துப் போட வாரான்ணே. வாசல்ல வச்சே தலைய எடுத்திருதேன். அரிவாள் தீட்டியாச்சு."

எனக்கும் அந்தத் தலை வேண்டியிருந்தது. பொய் சொல்ல மாட்டேன். 'எடுலே' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எதிரே திரையில் பட்டியல். கண் பழக்கத்தில் கீழே இறங்கியது. வெட்டியது செல்வராசு. அவனை வெறியேற்றியது, சுடலை அவன் மோட்டாரின் பியூஸைப் பிடுங்கியது. பிடுங்கச் சொன்னது யார்?

அந்தக் கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. ஒருநாள் அவர்கள் மோட்டார் ஓடும், மறுநாள் எங்களுடையது. எங்கள் முறையன்று செல்வராசு மோட்டாரைப் போட்டுவிட்டான். போனில் அதைச் சொன்ன சுடலை, "போட்டும், விட்டிரலாம்ணே" என்றுதான் சொன்னான். ஹீட்டர் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு நான்தான் கத்தினேன்: "பயந்தாங்கொள்ளி மாதிரி நிக்காத. அங்கன போயி பியூஸப் புடுங்குலே!" இது ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

"ஏலே முத்து, பைய கேளு" என்றேன். "சுடலைய அனுப்புனது நாந்தாம்லே."

எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்து மேசை அன்னா எழுந்து வந்து என் திரையை எட்டிப் பார்த்தாள். "தப்பைக் கண்டுபிடித்துவிட்டாய் போலிருக்கிறதே! அருமை!" என்று கட்டைவிரலை உயர்த்தினாள். நானும் தலையாட்டித் தொலைத்தேன்.

"நீ ஊருக்கு வராதண்ணே" என்றான் முத்து. "வந்தா உன்னத்தான் மொதல்ல வெட்டுவேன்."

மறுநாள் செல்வராசு கையெழுத்துப் போட்டுவிட்டு உடம்பில் கீறலில்லாமல் வீடு திரும்பினான். முத்து வெளியே கிளம்பவே இல்லை என்று அம்மா சொன்னாள். இங்கே ஆறு வருடமாக வாடகை வீட்டில் தரையில் மெத்தை போட்டுப் படுக்கிறேன், கட்டில் வாங்கவில்லை. ஊரில் என் கட்டில் போட்ட இடத்திலேயே இருக்கிறது. தீட்டிய அரிவாளை அதன் அடியில்தான் வைத்திருக்கிறானாம்.