ஒரு மவுஸும் அசையாத காலை

மதுரை பழங்காநத்தத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாள். பத்து மணிக்குத்தான் ரிசல்ட், ஆனால் ஒன்பதுக்கே வாசலில் செருப்புகள் குவிந்துவிட்டன. உள்ளே எல்லாத் திரைகளும் பளிச்சென்று எரிகின்றன. ஒரு மவுஸ்கூட அசையவில்லை. கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்தினால் விளக்கும் எரியவில்லை.

ஓனர் ஜெகந்நாதன் அண்ணன் முதலில் மவுஸைத்தான் சந்தேகப்பட்டார். திருட்டுப் போகிறது என்று தினமும் கடை சாத்தும்போது மவுஸ்களைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டுவது அவர் வழக்கம்.

“நேத்து புடுங்கும்போது நல்லாத்தான தம்பி இருந்துச்சு? பீரோவுக்குள்ள மூச்சு முட்டிருச்சா?”

பிறகு போனில் மனைவியிடம் அவர்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் படபடவென்று பேசினார். எனக்குப் புரிந்தது ‘லினக்ஸ்’ என்ற ஒரே சொல். அதை அவர் சொன்ன விதமும் புரிந்தது.

அந்தக் கடைக் கம்ப்யூட்டர்களில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டது நானும் நண்பன் செல்வமும். அண்ணன்தான் எங்கள் முதல் வாடிக்கையாளர். என் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். “மகன் மதுரையில கம்ப்யூட்டரு பாக்குறான்” என்று அப்பா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். இந்தக் கடை கைவிட்டுப் போனால் எனக்குப் பார்க்கக் கம்ப்யூட்டரே இருக்காது.

முந்தின நாள் செய்த சுத்தம்

அப்போது மதுரை லினக்ஸ் பையன்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பழைய கம்ப்யூட்டரில் பின்னணியில் ஓடும் சர்வீஸ்களில் தேவையில்லாதவற்றை எல்லாம் நிறுத்தி, யாருடையது குறைந்த மெமரியில் ஓடுகிறது என்று பெருமை அடித்துக்கொள்வோம். ரிசல்ட் கூட்டத்துக்கு வேகம் வேண்டும் என்று அண்ணன் கேட்டதும் எங்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. முந்தின சாயங்காலம் உட்கார்ந்து எல்லாவற்றிலும் வரிசையாக நிறுத்தினோம். நிறுத்தியதன் விளைவு மறுபடி ஆன் செய்யும்போதுதான் தெரியும். நாங்கள் ஆன் செய்து பார்க்காமலே டீ குடிக்கப் போய்விட்டோம்.

“மாப்ள, நேத்து அம்புட்டையும் நிறுத்துனோமே, அதுல ஏதும் வில்லங்கமா?” என்றான் செல்வம்.

“அதுக்கும் மவுஸுக்கும் என்னடா சம்பந்தம்?”

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் அதே சந்தேகம். ஒரு கம்ப்யூட்டரை மட்டும், படத்திரைக்குப் போகாமல் எழுத்து மட்டும் வரும் கறுப்புத் திரையிலேயே நிற்கும்படி ஆன் செய்தேன். கீபோர்டைத் தட்டினேன். எழுத்து வந்தது!

“கீபோர்டு உசுரோடதான்டா இருக்கு. படம் வந்தப்பறம்தான் கேக்க மாட்டேங்குது.”

லினக்ஸில் திரையில் படத்தைக் காட்டும் புரோகிராமின் பெயர் எக்ஸ் சர்வர். நடப்பதையெல்லாம் அது குறித்து வைக்கும் லாக் ஃபைலைத் திறந்தேன். எச்.ஏ.எல். என்ற சர்வீஸோடு பேச முடியவில்லை என்று அது அழாத குறையாக எழுதி வைத்திருந்தது. நாங்கள் நிறுத்திய வரிசையில் அதுவும் ஒன்று.

எங்கள் ஊர்க் கண்மாயில் மடை திறக்க ஓர் ஆள் உண்டு. அவர் வராத அன்று கண்மாய் தளும்பிக் கிடக்கும், வயலுக்குச் சொட்டு வராது. இதுவும் அப்படித்தான். பழைய எக்ஸ் சர்வருக்கு மவுஸ் எது, கீபோர்டு எது என்று நாமே எழுதி வைப்போம். புதிய எக்ஸ் சர்வர் அதை எச்.ஏ.எல்.லிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும். பதில் சொல்ல ஆள் இல்லாவிட்டால் கீபோர்டே கிடையாது என்று முடிவுகட்டிவிட்டு, படத்தை மட்டும் அழகாகக் காட்டிக்கொண்டிருக்கும்.

செல்வம் ஒரு பக்கமும் நான் மறுபக்கமுமாக ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் எச்.ஏ.எல்.லைத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டே வந்தோம். முதல் மவுஸ் அசைந்ததும் வாசலில் நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். அண்ணன் துடைப்பதற்காகப் பிடுங்கி வைத்திருந்த மிச்ச மவுஸ்களை மாலை போல் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

“எது தேவையில்லன்னு என்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்ல? இத்தன மவுஸையும் ஒத்த ஆளா தொடச்சேன்யா!”

பிறகு

கடை கைவிட்டுப் போகவில்லை. கொஞ்ச காலத்தில் எக்ஸ் சர்வரே எச்.ஏ.எல்.லைக் கைவிட்டு, யூடெவ் என்ற வேறொன்றிடம் கேட்க ஆரம்பித்துவிட்டது. செய்தி தெரிந்ததும் செல்வம் போன் செய்தான்.

“மாப்ள, இப்பவாச்சும் அந்த எச்.ஏ.எல்.ல நிறுத்திரவா?”

“இன்னும் யாரு அதக் கேட்டுக்கிட்டு இருக்கான்னு பாரு. யாரும் இல்லேன்னா நிறுத்து. நிறுத்திட்டு...”

“தெரியும்யா. ஆன் பண்ணிப் பாத்துட்டுத்தான் டீ.”

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கு நான் சொல்வதும் இவ்வளவுதான்.