தேதியில்லாத மாத்திரைகள்

கொரோனா காலத்தில் ராசிபுரம் முழுக்க அலைந்தும் காய்ச்சல் மாத்திரை கிடைக்கவில்லை. அந்தப் பயம் இன்னும் என்னை விடவில்லை. மருந்துக்கடைப் பக்கம் போகும்போதெல்லாம் நான்கு மாத்திரை வாங்கி டப்பாவில் போட்டுவிடுவேன். விலை ஏறிவிட்டதால் முழு அட்டை வாங்குவதில்லை. கடைக்காரர் கத்தரித்துத் தருவார்.

போன வாரம் மகளுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. டப்பாவைக் கவிழ்த்தேன். அட்டையின் ஓரத்தில் அச்சிடும் காலாவதித் தேதி ஒரு துண்டில்கூட இல்லை. எது போன மாதத்தது, எது நான்கு வருடம் பழையது? எதையும் கொடுக்கத் துணியாமல் கடைக்கு ஓடினேன்.

"நாலு மாத்திரை குடுங்க. தேதி இருக்கற பக்கமா வெட்டுங்க" என்றேன்.

கடைக்காரர் கத்தரியோடு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதய உங்களுக்குக் குடுத்துப்போட்டா, மிச்சத்த ஆருங்க வாங்குவாங்க?"