மில்லில் பட்ட காயம் மில்லுக்கே

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் வருகையும் பதிவேடுகளும் பார்க்கும் டைம் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே எனக்கு முதலாளியோடு சண்டை வந்துவிட்டது.

பௌர்ணமிக்கு மறுநாள். நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டர் அடியில் சிந்திய நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்த தேவகியின் பாதத்தைப் பெயர்ந்து கிடந்த தகரம் ஆழமாகக் கிழித்துவிட்டது. சூப்பர்வைசர் துணியைச் சுற்றி ஆட்டோவில் ஏற்றும்போதே பாடம் நடத்தினார்.

"டாக்டர் கேட்டா கிரிவலத்துல கண்ணாடி குத்திடுச்சுன்னு சொல்லு."

"சொல்றேங்க. வேலை போவாம இருந்தா சரி" என்றாள் தேவகி.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வெறுங்காலில் மலை சுற்றும் ஊரில் கால் காயத்துக்குக் காரணம் தேடவே வேண்டாம். அதனால்தான் எங்கள் மில்லின் விபத்துப் பதிவேடு புதுக் கருக்கு மாறாமல் இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக முதலாளி அறைக்குப் போய், இதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றேன்.

"பாய், சேந்து ஒரு மாசம்கூட ஆவல. அதுக்குள்ள இன்ஸ்பெக்டரை இட்டாரப் பாக்குறீங்களா?"

"வேலையில பட்ட காயம்னு நாம ரிப்போர்ட் அனுப்பணும் முதலாளி. நாளைக்கு அந்தம்மா கால் ஊனமாயிட்டா, கிரிவலத்துல பட்டதுக்கு ஈ.எஸ்.ஐ.ல பென்ஷன் தரமாட்டாங்க."

"அதுவே ஒத்துக்குச்சே?"

"பயந்துனு ஒத்துக்குது. நான் மலை சுத்தறவன் இல்ல, நீங்க மாசம் தவறாம சுத்துறீங்க. நம்ம தகரம் கிழிச்சதுக்கு அண்ணாமலையார் மேல பழி போடுறீங்களே!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன். முதலாளியோ மலை இருக்கும் திசை பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போயிருந்த சூப்பர்வைசருக்கு போன் போட்டு, "உள்ளதையே சொல்லச் சொல்லுப்பா" என்றார். என்னிடம், "எழுதுங்க பாய், ஜாஸ்தியும் வேணாம் கம்மியும் வேணாம்." அப்பாடா என்று இருந்தது.

நடந்ததை நடந்தபடி எழுதினேன். காலில் செருப்பில்லை என்பதையும் எழுதினேன். நெல்லைச் செருப்புக் காலோடு மிதிக்கக் கூடாது என்று எங்கள் குடோனில் எல்லோரும் வெறுங்காலில்தான் வேலை செய்வார்கள். எழுத்தில் பார்த்ததும் முதலாளிக்கே உறைத்தது. தகரத்தை அன்றே மாற்றினார். குடோனுக்குள் மட்டும் போடக் கேன்வாஸ் ஷூக்கள் வாங்கினார். யாரும் தொடவில்லை. ஷூக்களுக்குக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார். அதன் பிறகுதான் போட்டார்கள்!

இன்ஸ்பெக்டர் வந்தார், பார்த்தார், போய்விட்டார். யார் தலையும் உருளவில்லை. காயத்தைப் பட்ட இடத்தின் பெயரிலேயே எழுதினால்தான் அந்த இடத்தைச் சரிசெய்ய யாருக்காவது தோன்றும். அந்த மில்லில் நான் கற்றது இதுதான்.

தேவகி கால் ஆறி வேலைக்குத் திரும்பினாள். விடுப்புக் காலத்துக்கான ஈ.எஸ்.ஐ. பணமும் வந்திருந்தது. வலி எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"பொய்யை மறக்காம சொல்லணும்னு பல்லைக் கடிச்சினு போனேங்க. உள்ளதையே சொல்லுன்னதும்தான் ஆஸ்பத்திரியில வாய்விட்டு அழுதேன்."