தனியாக வந்த குதிரை

பதுளையில் பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்பில் படித்தபோது எனக்குச் செய்யுள் பாடம் மட்டும் தலையில் ஏறவே ஏறாது. ஒரு பாட்டில், வெறும் படகு ஒன்று கரைக்கு வந்து சேரும். "படகு எதக் குறிக்குது?" என்று வாத்தியார் என்னைக் கேட்டார்.

"மீன் கெடைக்கலீங்க ஐயா."

வகுப்பே சிரித்தது. பரீட்சையில் தவறினால் அப்பாவின் துணிக்கடையில் உட்கார வேண்டியதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பயாஸ்கோப் பார்க்க அக்காவோடு போனேன். ஹாலிஎலத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களால் கூடாரம் நிரம்பியிருந்தது. பேச்சில்லாத படம். சண்டைக்குப் போனவனின் குதிரை மட்டும் தனியாக வீட்டுக்குத் திரும்பியது. வாசலில் நின்ற அவன் மனைவி அதையே பார்த்தாள்.

"ஐயோ, செத்துட்டான்!" என்று கத்திவிட்டேன்.

"அவன் சாகறதக் காட்டவே இல்லியேடா?" என்றாள் அக்கா.

"குதிர தனியா வருதே, அக்கா!"

சொன்ன வாயோடு துள்ளி எழுந்தேன். "படகு! அக்கா, அந்தப் படகு!"

"உக்காருப்பா, படம் மறைக்குது!" என்று பின்னாலிருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். எனக்கு உட்காரவே முடியவில்லை.

மறுநாள் வாத்தியார் கேட்பதற்கு முன்பே கையைத் தூக்கினேன். "படகுல போனவங்க திரும்பி வரலீங்க ஐயா."

யாரும் சிரிக்கவில்லை. வாத்தியார் அந்தப் பாட்டை மறுபடி, மெதுவாக வாசித்தார். முதல் தடவையாக எனக்கு அது கேட்டது.

பரீட்சையில் தேறினேன். இன்றும் ஒரு வரி புரியாவிட்டால், அங்கே யார் இல்லை என்றுதான் முதலில் தேடுகிறேன்.