சம்பந்தியம்மா காட்டிய அளவு

அம்மாவுக்கு உலகத்தில் எல்லாமே மாத்திரை அளவுதான். அப்பாவின் முதுகில் கொப்புளம் வந்தால், "சத்து மாத்திரை சைஸுக்கு வீங்கியிருக்கு" என்பாள். ஆலங்கட்டி மழை பெய்த அன்று, "சளி மாத்திரை மாதிரி விழுதுடி, வந்து பாரு" என்று வாசலுக்கு ஓடினாள்.

மாத்திரை கம்பெனியில் அவளுக்கு வேலை. அலுமினிய அட்டைகள் பெல்ட்டில் வரிசையாக நகர்ந்து வரும். மாத்திரை உடைந்திருந்தாலோ, குழி காலியாக இருந்தாலோ, ஒரே குழியில் இரண்டு விழுந்திருந்தாலோ அந்த அட்டையை எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். அக்கா கைக்குழந்தையாக இருந்தபோது வேலைக்குச் சேர்ந்தவள் இன்றும் அதே ஸ்டூலில்தான் உட்காருகிறாள். பெல்ட் மட்டும் வேகமாகிவிட்டது. தொப்பியையும் கையுறையையும் கழற்றிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகும், கொஞ்ச நேரம் அவள் கண் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே இருக்கும். சாப்பிடும்போதுகூடத் தட்டில் எதையோ தேடுவது போலத்தான் பார்ப்பாள்.

அவள் வாயில்லாப் பூச்சி அல்ல. சூப்பர்வைசர் பெல்ட்டை வேகப்படுத்தினால், "சார், உங்களையும் அட்டையில போட்டு அனுப்பிடுவோம், எங்களுக்குத் தெரியாது" என்று கேட்டுவிடுவாள். அக்காவின் மாமியார் முன்னால் மட்டும் அந்த வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும்.

அதற்குக் காரணம் ஒரு பீரோ. அக்கா கல்யாணத்துக்கு நாங்கள் வாங்கிக் கொடுத்த பீரோ அவர்கள் நினைத்ததைவிட ஒரு சாண் குட்டையாகப் போய்விட்டது. யாரும் சண்டை போடவில்லை. அந்த வீட்டில் அக்காவுக்கு "குட்டை பீரோ" என்று பெயர் வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். அவள் ஏதாவது பதில் சொன்னால், "குட்டை பீரோ கதவைத் திறந்துடுச்சு" என்று நாத்தனார் சிரிப்பாள். முகம் வாடினால், "பீரோவுக்குப் பூட்டு போட்டாச்சு" என்பார் மாமனார். எல்லாம் விளையாட்டுக்குத்தானாம். அக்காவும் கூடவே சிரிக்கப் பழகிக்கொண்டாள். போனில் அந்தச் சிரிப்பைக் கேட்டால் அம்மாவுக்கு இரண்டு நாளைக்குச் சாப்பாடு இறங்காது.

பிரசவத்துக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெண் குழந்தை. பார்க்க வந்த சம்பந்தியம்மா எங்கள் வீட்டில் கை வைத்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, பேத்தியை மடியில் வாங்கிக் கொஞ்சிவிட்டு, போகிற போக்கில் சொன்னார்.

"நாங்க எதையும் கேக்கறவங்க இல்ல, உங்களுக்கே தெரியும். புள்ளை வீட்டுக்கு வர்றப்ப கூட ஒரு தங்கக் காசு வந்துச்சுன்னா, நாலு பேர் முன்னாடி நல்லாயிருக்கும். பெருசா எல்லாம் வேணாம் சம்பந்தி. இவ்ளோ போதும்."

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினார். குழந்தையின் கன்னம் பக்கமாக ஒரு தடவை கொண்டுபோனார். கண் மூடித் திறப்பதற்குள் அந்தக் கை தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டது.

அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ பாத்தல்ல? எவ்ளோ காமிச்சாங்க?"

நான் விரலைச் சேர்த்துக் காட்டினேன்.

"அவ்ளோவா? நான் பாத்தப்ப வலி மாத்திரை அளவுதான்டி இருந்துச்சு."

அப்பா வீட்டின் முன்பக்கத்திலேயே பஞ்சர் கடை வைத்திருக்கிறார். கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். "ரெண்டு பேரும் சரியாப் பாக்கல. டியூப்ல ஒட்டற பேட்ச்ல சின்னது இருக்கும் பாரு, கரெக்டா அந்த அளவு."

"உங்களுக்கு எதைப் பாத்தாலும் ஓட்டைதான் ஞாபகம் வரும்."

"ஓட்டைய அடைச்சுதான்டி இவளைக் காலேஜ் வரைக்கும் படிக்க வச்சேன்."

படித்தவள் என்று என் பேச்சு வந்ததால் நான் ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது. காகிதத்தில் மூன்று பேர் சொன்ன அளவுக்கும் மூன்று வட்டம் போட்டேன். போட்ட பிறகுதான் அம்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஏன்டி, அவங்க உள்ள தெரியற ஓட்டைய சொன்னாங்களா, விரலையும் சேத்து சொன்னாங்களா?"

மூன்று வட்டம் ஆறு வட்டமாயிற்று. "லாரி ஸ்டியரிங்கைப் பிடிக்கற மாதிரி ரெண்டு கையையும் விரிக்காம விட்டாங்களே, அதுக்கு சந்தோஷப்படு" என்று சொல்லிவிட்டு அப்பா கடைக்குப் போய்விட்டார்.

அக்காவையே கேட்கச் சொல்லலாம் என்று உள்ளறைக்குப் போனோம். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "நான் கேட்டா, உங்க வீட்டுல பாசத்தையும் அளந்துதான் குடுப்பீங்களான்னு கேப்பாங்கம்மா. எதையாவது வாங்குங்க" என்றாள். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று சாயங்காலம் அப்பா மாப்பிள்ளைக்குப் போன் செய்தார். "ஐயோ மாமா, அதெல்லாம் எதுக்கு? உங்க இஷ்டம்" என்றாராம். அப்பா போனை வைத்துவிட்டு, "இஷ்டமாம். அது எத்தனை கிராம்னு யாராச்சும் சொல்லுங்க" என்றார்.

நான் இணையத்தில் தேடினேன். படத்தில் ஒவ்வொரு காசும் போன் திரை முழுக்கத் தாம்பாளம் மாதிரி ஜொலித்தது. அடியில் பொடி எழுத்தில் விட்டம் இத்தனை மில்லிமீட்டர் என்று இருந்தது. அதை அளந்து அட்டையில் வெட்டினால், தாம்பாளம் சட்டைப் பொத்தானாகிவிட்டது. நான் போட்ட வட்டத்துக்கு எட்டு கிராம் வேண்டும். அப்பாவின் வட்டத்துக்குக் கொஞ்சம் குறையும். அம்மாவின் வட்டத்துக்கு இரண்டு கிராமே போதும். எங்கள் கையில் இருந்ததற்கு நான்கு கிராம் வரும். அதற்கு மேல் ஒரு குந்துமணிகூட வராது. அம்மா கம்பெனியில் முன்பணம் வாங்கிய பிறகும் அவ்வளவுதான்.

எப்படியும் நான்கு கிராம்தான் என்றால், எதற்காக அந்த ஒரு வாரம் முழுக்க விரலை விரலைச் சேர்த்துச் சண்டை போட்டோம்? இப்போது யோசித்தாலும் எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் காட்டியது நான்கு கிராம்தான் என்று யாராவது ஒருவர் அடித்துச் சொல்லிவிட மாட்டார்களா என்று காத்திருந்தோமோ என்னவோ.

கடைக்கு அம்மாவும் நானும் போனோம். அம்மா தன் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் நின்றாள். விற்பனைப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். பிளாஸ்டிக் அட்டைக்குள் சீல் வைத்த இரண்டு காசுகளை எடுத்து வெல்வெட் துணிமேல் வைத்தாள்.

"ரெண்டும் நாலு கிராம்தான்மா. இது அகலமா, மெல்லிசா அடிச்சது. இது சின்னதா, தடிமனா இருக்கும். எது வேணும்?"

ஒரே எடையில் இரண்டு அளவு இருக்கும் என்று நாங்கள் கனவிலும் நினைக்கவில்லை. அம்மாவின் கண் இடமிருந்து வலம், மறுபடி இடமிருந்து வலம் என்று ஓடியது.

"பிரிச்சுக் கையில எடுத்துப் பாக்கலாமாம்மா?"

"பிரிச்சா நீங்க வாங்கிக்கணும். சீல் போயிட்டா அப்புறம் வித்தாலும் குறைச்சுதான் எடுப்பாங்க."

"எங்க கம்பெனியிலயும் அப்படித்தான்" என்றாள் அம்மா. ஒரு கணம் அந்தப் பெண்ணும் தன் ஷிப்டில் வேலை பார்ப்பவள் என்பது போல அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தப் பெண் அகலமான காசை அட்டையோடு தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். மெலிந்த சின்னக் கை. காசு பெரிதாக, நிறைவாக இருந்தது. அம்மா வாங்கித் தன் கையில் வைத்தாள். அதே காசு எங்கேயோ தொலைந்து போன மாதிரி இருந்தது.

"வாங்கிக்கப் போறவங்க கை எப்படிம்மா இருக்கும்? பெரிய கையா?"

அம்மா என்னைப் பார்த்தாள். "நாலு மோதிரம் போட்டிருப்பாங்க."

"மோதிரம் இல்லம்மா, கை."

"மோதிரம்தான்மா கண்ணுக்குத் தெரிஞ்சுது."

எனக்குப் பொறுக்கவில்லை. போனை எடுத்தேன். "அவங்ககிட்டயே கேட்டுடறேன்மா. நாலு கிராம் போதுமா அத்தைன்னு ஒரே வார்த்தை. இதுல என்ன கௌரவம்?"

அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். வலித்தது.

"கேட்டு, எட்டுன்னு சொல்லிட்டாங்கன்னா?"

எண்ணை அழுத்தப் போன விரலை எடுத்தேன்.

"கேக்காத வரைக்கும், எங்களுக்குத் தெரியலைங்கன்னு சொல்லிக்கலாம்டி. கேட்டுட்டு இதையே குடுத்தா, தெரிஞ்சே குறைச்சதா ஆயிடும்."

விற்பனைப் பெண் கண்ணாடியைத் துடைப்பது போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். ஒரு பட்டப்படிப்பில் எத்தனையோ தேர்வு எழுதியிருக்கிறேன். கேள்வி கேட்பதும் பதில் சொல்வதும்தான் படிப்பு என்று நம்பியிருந்தேன். கேட்கவே முடியாத கேள்விக்கு என்ன செய்வது என்று எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. போனைப் பைக்குள் போட்டேன்.

அகலமானதையே வாங்கினோம். பஸ்ஸில் பாதி தூரம் வந்ததும் அம்மா மெதுவாக ஆரம்பித்தாள். "கையில எடுத்தா லேசா இருக்குமோ? தகடு மாதிரி இருக்குன்னு சொல்லிட்டா? தடிமனா இருந்ததையே எடுத்திருக்கலாமோ?"

"எடை ஒண்ணுதானேம்மா."

"அது உனக்கும் எனக்கும் தெரியும்."

அக்காவை அழைத்துப் போக அவர்கள் வந்த அன்று வீடு கொள்ளாத கூட்டம். அம்மா சின்ன சிவப்பு டப்பாவை இரண்டு கையாலும் நீட்டினாள். "எங்களால முடிஞ்சது" என்று சொல்ல வேண்டும் என்று முந்தின நாளெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அந்த வார்த்தையும் வரவில்லை. சம்பந்தியம்மா, "எதுக்குங்க இதெல்லாம்" என்று வாங்கிக்கொண்டார். திறக்கவில்லை. கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். அவர் கையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய கையா சின்னக் கையா என்று அன்றும் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அம்மா வேலை விட்டு வந்ததும் அக்காவுக்குப் போன் செய்வாள். காசைப் பற்றி மட்டும் பேச மாட்டாள். குழந்தை பால் குடித்ததா, தூங்கியதா, வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்பாள். போனை வைத்ததும் என்னைக் கேட்பாள்.

"குரல் எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தாம்மா இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சா, நல்லா இருக்கற மாதிரி பேசினாளா?"

ஒருநாள் அவளாலேயே தாங்க முடியவில்லை. ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். பால், தூக்கம் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "ஏம்மா, அந்தக் காசை உங்க அத்தை பிரிச்சுப் பாத்தாங்களா? ஏதாவது சொன்னாங்களா?"



"குழந்தை அழுவுதும்மா. அப்புறம் பேசறேன்" என்றாள் அக்கா. போனை வைத்துவிட்டாள்.

குழந்தை அழும் சத்தம் எங்கள் இருவர் காதிலும் விழவில்லை. அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"பசியா இருக்கும்" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன். "பசியாத்தான் இருக்கும்."